ஏசிக்குத் தைத்த மெரூன் சட்டை

போன வாரம் எங்கள் வீட்டு ஏசி என் மானத்தை வாங்கிவிட்டது.

கோச்சடையில் எங்கள் தெருவில் அநேகமாக எல்லோர் வீட்டிலும் ஏசி இருக்கிறது. பெருமை பேச அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் நான் பேசினேன். காரணம், மருமகள் பவித்ரா.

அவளுக்கு இது தலைச்சன் பிரசவம். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டிப் போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். சம்பந்தியம்மா செக்கானூரணியிலிருந்து காரோடு வந்து நின்றார். நான் விட்டால்தானே?

"இந்த வெயில்ல அங்க கொண்டு போயி என்ன செய்யப் போறீக மதினி? இங்கன ஏசியில இருக்கட்டும். வெயில் தணியவும் கூட்டிட்டுப் போங்க."

அவர்கள் வீட்டில் ஏசி இல்லை. அத்தனை பேர் கூடியிருந்த சபையில் அதைச் சொல்லாமல் சொல்லியாகிவிட்டது. சம்பந்தியம்மா வெறுங்காரோடு திரும்பிப் போனார்.

நிஜமான காரணம் வேறு. மகன் கார்த்தி கப்பலூர் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டால் எனக்குப் பேச்சுத் துணை அவள்தான். அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும். இதை வெளியில் சொல்ல முடியுமா? ஏசியைச் சொல்வது சுலபம்.

அந்த ஏசிதான் கத்திரி வெயிலில் காலை வாரியது. போட்டவுடன் கொஞ்ச நேரம் குளிரும். பிறகு வெறும் காற்று... அப்புறம் அதுவும் வெக்கைக் காற்று.

கார்த்தி ரிமோட்டைத் தட்டிப் பார்த்தான். ரிமோட்டில் இருக்கும் இங்கிலீஷ் எழுத்தெல்லாம் நான் படித்ததில்லை. பனிப்பூப் படம் என்றால் குளிர், விசிறிப் படம் என்றால் வெறும் காற்று — எனக்கு அது போதும். பனிப்பூ சரியாகத்தான் இருந்தது. ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவினான். ஓடிய அழுக்கைப் பார்த்து, "இதாம்மா விசயம்" என்றான். மாட்டினோம். விசயம் அது இல்லை.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"கேஸ் கொறஞ்சிருக்கும்மா. நாளைக்கு வந்து பாக்குறேன். வெளிய இருக்க பொட்டி நல்லா இருக்குல்ல?"

"அதுக்கென்னய்யா? ஒரு பொட்டுத் தூசி படாம வச்சிருக்கேன்."

பொய்யில்லை. நம் வீடுகளில் புதிதாக எது வந்தாலும் முதல் வேலையாக அதற்கு ஒரு உறை போட்டுவிடுவோம் இல்லையா? ரிமோட்டுக்குப் பாலிதீன் கவர். மிக்ஸிக்குத் துணிக் கவர். ஃப்ரிட்ஜ் தலையில் பூப்போட்ட விரிப்பு. சோபாவுக்குக் கடைக்காரர் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் தாளையே நான் இன்னும் பிரிக்கவில்லை. உட்கார்ந்தால் சரசரக்கும், சரசரக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். அப்படி இருக்க, பின்பக்கச் சுவரில் வெயிலிலும் புழுதியிலும் கிடக்கும் அந்தப் பெட்டியை மட்டும் வெறும் உடம்போடு விடலாமா?

வளைகாப்பு முடிந்து ஒரு நாள், காளவாசலில் வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பவரை வரவழைத்து, அளவெடுத்துத் தைத்து மாட்டினேன். மெரூன் ரெக்சின். ஓரத்தில் வெள்ளைப் பைப்பிங். பக்கவாட்டில் ஜிப். தெருவில் வேறு எந்த ஏசிக்கும் அப்படி ஒரு சட்டை கிடையாது. மகன் கண்ணில் அது படவில்லை. துணி காயப்போடும் பக்கத்துக்கு ஆம்பளைகள் எதற்கு வரப்போகிறார்கள்?

மறுநாள் மெக்கானிக்குக்கு முன்னால் சம்பந்தியம்மா காரில் வந்துவிட்டார், மகளுக்குப் பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு. ஹாலில் உட்கார்ந்தார். நெற்றியில் வேர்த்தது.

"ஏசி போட்டிருக்கீகளா மதினி?"

"ஓடுதுல்ல, சத்தம் கேக்கல?"

"சத்தம் கேக்குது, கேக்குது" என்று முந்தானையால் விசிறிக்கொண்டார்.

கை கழுவப் பின்பக்கம் போனவர், அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"மதினி! இங்கன யாரு, முக்காடு போட்டு நிக்கிறது?"

"ஏசிப் பொட்டி மதினி. தூசி படக்கூடாதுன்னு தச்சுப் போட்டேன்."

"அடி ஆத்தே! எங்க ஊரு பேங்குக்கு வெளிய நின்னா இந்தப் பொட்டிதான் மூஞ்சியில அனலா ஊதும். உள்ள இருக்க வெக்கைய இதுதான வெளிய தள்ளணும்? வாயச் சேத்துத் தச்சுப்புட்டா அது எங்கிட்டுப் போயி ஊதும்?"

கேட்டுக்கொண்டே ஜிப்பை இழுத்துவிட்டார். உள்ளிருந்து குப்பென்று அடுப்பு வெக்கை. பவித்ரா ஏசியை அணைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடி போட்டாள். மெல்ல மெல்ல ஹாலில் குளிர் இறங்கியது.

எனக்குத்தான் வேர்த்தது. ஏனென்றால், பவித்ராவின் முகத்தில் ஆச்சரியமே இல்லை. தினமும் அந்தப் பக்கம் துணி காயப்போடுகிறவள். இன்ஜினியரிங் படித்தவள் வேறு.

"ஏத்தா, ஒனக்கு இது தெரியாதா?"

"தெரியும் அத்த."

"பெறகு ஏன் வாயத் தொறக்கல?"

"நீங்க ஆசையாத் தச்சுப் போட்டீக..." என்று இழுத்தாள். அப்புறம் தரையைப் பார்த்தபடியே, "ஏசி ஓடலன்னா அம்மா வீட்டுக்கு அனுப்பிருவீகன்னு நெனச்சேன்" என்றாள்.

சம்பந்தியம்மா மகளின் தலையைத் தடவினார். என்னை ஏதாவது கேட்டிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன்.

வளைகாப்பன்று சபையில் வெயிலைப் பற்றிப் பேசினோம், ஏசியைப் பற்றிப் பேசினோம். போகிறாயா, இருக்கிறாயா என்று அவளைக் கேட்டோமா? வயிற்றுப் பிள்ளையோடு வேர்த்து வடிந்தாவது இங்கிருந்து கிளம்ப வேண்டும் என்று ஒரு பெண் நினைத்திருக்கிறாள் — நான் குளிர வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த வீட்டில்.

"துணிமணிய எடுத்து வையித்தா. கெளம்பு" என்றேன்.

"இருக்கட்டும் மதினி, வெயில் தணியட்டுமே" என்று சம்பந்தியம்மா என் வசனத்தையே எனக்குத் திருப்பிக் கொடுத்தார். கொடுக்காமல் இருப்பாரா?

"தணியிறப்பத் தணியும். நீங்க கூட்டிட்டுப் போங்க."

வாசலில் கார் திரும்பும்போது பவித்ரா கண்ணாடியை இறக்கிக் கையசைத்தாள். இத்தனை மாதத்தில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மெக்கானிக்கை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது ஏசி பிரமாதமாகக் குளிர்கிறது. பகலில் ஒற்றை ஆளுக்கு அந்தக் குளிர் அதிகம், ஃபேன் போட்டுக்கொள்கிறேன்.

மெரூன் சட்டையைக் கழற்றித் துடைத்து மடித்தேன். பிறக்கப்போகும் பிள்ளையின் தள்ளுவண்டிக்கு அளவாக இருக்குமோ என்று ஒரு யோசனை ஓடியது... அதையும் மூடி வைக்கவா? சட்டென்று பரணில் தூக்கிப் போட்டுவிட்டேன்.