ராணி சொன்ன இந்திப் படக் கதை

இன்று காலை மகள் தன் செல்போனில் ஒரு பழைய இந்திப் படத்தைப் போட்டுக் கொடுத்தாள்.
"கீழ தமிழ்லயே எழுத்து வருதுப்பா, பாரு."

எழுபதுகளில், கல்யாணமான புதிதில், அம்பத்தூர் கம்பெனியில் எனக்கு ஒரு மாதம் நைட் ஷிப்ட். பகலெல்லாம் எங்களுக்குத்தான். வெள்ளானூரில் பிறந்த என் மனைவி ராணி அதுவரை சினிமாவே பார்த்ததில்லை. அவள் அப்பா விட்டதில்லை.

அந்த மாதம் ஆவடியில் ஓடிய எல்லாப் படத்துக்கும் மேட்னி ஷோ போனோம். பேய்ப் படத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். சாமிப் படத்தில் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியாகப் போனது இந்த இந்திப் படம். இருவருக்கும் ஒரு வார்த்தை புரியாது. நான் தூங்கிவிட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"இன்னா கதை ராணி?"

"அவ புருசன் கப்பல்ல பூட்டான். செத்துட்டான்னு ஊரே சொல்லுது. இவ மட்டும் நம்பாம காத்துகினு கீறா. கடைசில வந்துட்றான்யா!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இத்தனை வருடம் அதையே நம்பியிருந்தேன். ராணி இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

இன்று எழுத்தைப் படித்தால், அவன் புருஷனே இல்லை, அண்ணன். கப்பலும் இல்லை, ஜெயில்.

பாதியில் நிறுத்திவிட்டேன்.

"ஏம்ப்பா, நல்லா இல்லையா?"

"உங்கம்மா சொன்னதுல அவன் திரும்பி வந்துட்டாம்மா. எனக்கு அது போதும்."

என்ன படம் என்று கண்டுபிடித்தவர்கள் தாராளமாகப் பெயரை எழுதுங்கள். முடிவை மட்டும் எழுதிவிடாதீர்கள்.