மஞ்சள் பூசிய புற்று

என் மகளுக்குப் பத்தொன்பது வயது. பேச்சு வராது. தறிச் சத்தம் கேட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறுவாள். எங்கள் வீட்டிலேயே நாலு விசைத்தறி ஓடுகிறது. பக்கத்து வீடுகளிலும் அதே சத்தம்தான். சங்கரன்கோவிலில் நாங்கள் இருக்கும் தெருவில் அவளை எங்கே கொண்டுபோய் வைப்பது? வெளியே விட்டால் பஸ் போகிற ரோட்டுக்கு ஓடிவிடுவாள். அதனால் நான் நூல் சுற்ற உட்காரும்போது பழைய சேலையைக் கிழித்து அவள் காலை ஜன்னல் கம்பியோடு கட்டிவைப்பேன். எழுதக் கூசுகிறது. கட்டியவள் நான்தான்.

தெருக்கடைசியில் கிடந்த காலி இடத்தில் பூங்கா வரப்போகிறது, என்ன வேண்டும் என்று மக்களே சொல்லலாம் என்று அறிவிப்பு வந்தபோது, எனக்கு உயிர் திரும்பி வந்தது. நகராட்சி என்ஜினியர் விரித்துக் காட்டிய வரைபடம் ஒருவருக்கும் விளங்கவில்லை. எதிர்வீட்டு மதினி போய்க் கோலப்பொடி டப்பாவை எடுத்து வந்தார். வெறும் மண்ணில் நடைபாதை, ஊஞ்சல், தண்ணீர்க் குழாய் என்று ஆளுக்கொரு கோடு இழுத்தோம். நான் வாசலை வரைந்தேன்.

"ஒரே வாசல் போதும் சார். கதவுக் கொண்டி உசரத்துல இருக்கணும்."

"எதுக்கும்மா?"

"எம் மவ உள்ள நடப்பா. கதவு சாத்திக் கெடந்தா அவளக் கட்ட வேண்டாம்லா."

அவர் குறித்துக்கொண்டார்.

வேலை தொடங்கத் தாமதமானது. அதற்குள் அங்கே குப்பை சேர்ந்தது, இடித்த வீட்டு மண்ணைக்கூட வண்டியில் கொண்டுவந்து தட்டினார்கள். இடம் மேடாகிவிட்டால் பூங்காவை வேறு தெருவுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. அங்கே வேப்பமரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறையான் புற்று இருந்தது. புற்று என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மத்தியானத்தில் அதில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ரெண்டு செம்பருத்தியைச் செருகிவிட்டு வந்தேன்.

மறுநாளே குப்பை நின்றது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன், மடச்சி.

அடுத்த வெள்ளிக்கிழமை யாரோ பால் ஊற்றினார்கள். பிறகு முட்டை வந்தது, தகரக் கொட்டகை வந்தது, பெரிய மணி வந்தது. பொக்லைன் வந்த அன்று டிரைவர் புற்றைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். இங்கன தோண்ட மாட்டேன் என்று வண்டியைத் திருப்பிவிட்டார். என்ஜினியர் மறுபடியும் கூட்டம் போட்டார். பூங்கா வேண்டாம், கோயில் போதும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

நான் எழுந்து நின்றேன்.

"மஞ்சள் பூசுனது நான்தான். குப்பை கொட்டக் கூடாதுன்னு பூசுனேன். அது வெறும் கறையான் புத்து. எம் மவளுக்கு அந்த இடம் வேணும், உங்க கால்ல விழுதேன்."

மதினி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் நிறைந்திருந்தது.

"ஒனக்கா தோணுச்சுன்னா நெனைக்க? அம்மன்தாம்ட்டி ஒன் கையப் புடிச்சுப் பூச வச்சிருக்கா."

பெண்கள் குலவை போட்டார்கள். என் நெற்றியில் திருநீறு பூசினார்கள். என்ஜினியர் தன் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"நீங்களே வேண்டாம்னா நான் என்னம்மா செய்ய?"

மகளைக் கூட்டிவந்தால் அம்மன் வாய் திறக்க வைப்பாள் என்றார் மதினி. நம்பினேனா என்றால், நம்ப ஆசைப்பட்டேன். கூட்டிப்போனேன். மணி அடித்ததும் அவள் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். சாமி வந்துவிட்டது என்று இன்னும் பலமாக அடித்தார்கள். அவளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் முதல் பால் ஊற்ற என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போகாமல் அந்தத் தெருவில் குடியிருக்க முடியாது. அவளைக் கட்டிவிட்டுத்தான் போகிறேன். மணி கேட்டதும், நான் சேலைத்துணியை எடுக்கும் முன்பே, அவளாகவே காலை நீட்டிவிடுகிறாள்.