கிளட்ச் இல்லாத கார்

எங்கள் சித்திக்குக் கார் ஓட்ட வேண்டும் என்ற ஆசை எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போனவளுக்கு அப்படி ஓர் ஆசை வரலாமா என்பதுதான் குடும்பத்தின் கேள்வி. கடைத்தெருவுக்குப் போவதென்றாலும் யாராவது ஆட்டோ கூட்டி வர வேண்டும், யாராவது கூடப் போக வேண்டும். அந்த யாராவது வருவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். சித்தி புடவை கட்டித் தயாராக வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். ஸ்டியரிங் நன்றாகவே பழகிவிட்டது. கிளட்சை மிதிக்கத்தான் காலில் வலு இல்லை. "கிளட்ச் இருக்கிற வரைக்கும் கார் உங்களுக்கு ஆகாதும்மா" என்று மாஸ்டர் அனுப்பிவிட்டார்.

சித்தப்பா நூற்பாலை ஒன்றில் எலக்ட்ரீஷியன். வாய் கொஞ்சம் நீளம். "கிளட்ச்தானே ஆகாது? கிளட்ச் இல்லாத காரு ஒண்ணு செஞ்சுட்டாப் போச்சு" என்று சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சபதம் போட்டார். பெரியப்பாவிடம் எஞ்சின் செத்த பழைய கார் ஒன்று கிடந்தது. கேட்டதும் பெரியப்பா சிரித்தார். "எடுத்துக்க. ஆயுத பூஜைக்குள்ள ஓடலைன்னா பழைய இரும்புக்குப் போட்டுருவேன்."

நாகல் நகரில் எங்கள் வீட்டு வாசல் அன்றிலிருந்து பட்டறையாகிவிட்டது. எஞ்சினையும் கிளட்சையும் கழற்றிவிட்டு, கியர் பெட்டியை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, மில்லில் ஒதுக்கிப் போட்டிருந்த பேட்டரி வண்டியின் மோட்டாரை அதே இடத்தில் பூட்டினார். டிக்கி நிறைய லாரி பேட்டரிகள். காலால் மிதிக்கிற அளவுக்கு மின்சாரத்தை அளந்து விட நடுவில் ஒரு பெட்டி. ஐந்தாம் வகுப்பு முடிக்காத எனக்கும் விளக்கம் நடந்தது.

"எஞ்சின் சுத்துறது நின்னா செத்துரும் பாப்பா. வண்டி நின்னாலும் அது ஓடிக்கிட்டே இருக்கணும். அதான் சக்கரத்தை அதுகிட்ட இருந்து பிரிச்சு வைக்க கிளட்ச். மோட்டாருக்கு அந்த வம்பே இல்ல. சும்மா நிக்கும். கரண்ட் வந்ததும் முழு பலத்தோட இழுக்கும்."

பூஜைக்கு முந்தின நாள் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்திச் சோதித்தார். சக்கரங்கள் சுழன்றன. எல்லோரும் கைதட்டினோம். எந்தப் பக்கம் சுழல்கின்றன என்று ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் தெருவே கூடிவிட்டது. காருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம். பெரியப்பா பழைய இரும்புக் கடைக்காரரையும் கையோடு கூட்டி வந்திருந்தார். சித்தி ஸ்டியரிங்கின் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் நான், மகாராணி மாதிரி. சித்தப்பா சூடம் காட்டியதும் சித்தி வலது காலால் மெல்ல மிதித்தாள். சத்தமே இல்லாமல் கார் பின்னால் நகர்ந்தது. அவள் பதறி பிரேக்கை மிதித்தாள். நான்கு பழங்களும் நசுங்காமல் அப்படியே கிடந்தன.

"சாமியே வேண்டாம்னுருச்சு" என்றது ஒரு குரல்.

"ஏலே, முன்னாடி போகச் சொன்னா பின்னாடி போகுது. கழட்டி எடைக்குப் போடு" என்றார் பெரியப்பா. கடைக்காரர் காரைச் சுற்றி வந்து கதவைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

சித்தப்பா சூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். "ஒயரு ரெண்டு மாறிப்போச்சு. மோட்டாரு எதிர்ப்பக்கமாச் சுத்துது. செத்த நேரம் இருங்க, மாத்திர்றேன்."

சித்தி ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "ஏங்க, மோட்டாரு தலைகீழாத்தானே சுத்துது?"

"ஆமா."

"அப்ப ரிவர்ஸ் கியரப் போட்டா முன்னாடி போகும்ல?"

தலைகீழாகச் சுற்றுவதைத் தலைகீழாக்கினால் நேராகிவிடும். இந்தச் சின்ன விஷயம் சித்தப்பாவுக்குத் தோன்றவில்லை. பதிலுக்குக் காத்திராமல் சித்தி ரிவர்ஸ் கியரைப் போட்டு மிதித்தாள். அடுத்த நொடி நான்கு பழங்களும் பொத்தென்று நசுங்கின. தெருவே விசிலடித்தது. இரும்புக் கடைக்காரர்தான் முதலில் ஒதுங்கி வழி விட்டார்!

கார் தாடிக்கொம்பு சாலையில் ஏறியது. கியர் பெட்டி மட்டும் ஊளையிட்டது, மற்றபடி காற்றின் சத்தம்தான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தோம். சைக்கிளில் துரத்தி வந்த சித்தப்பா, "பேட்டரி தீந்துரும், பேட்டரி" என்று கத்திக்கொண்டே இருந்தார். எனக்கு நல்ல பசி. வீட்டில் சுண்டலும் பொரியும் காத்திருந்தன. ஆனால் கார் வீட்டு வாசலில் நிற்கவில்லை.

"சித்தி, வீடு தாண்டிருச்சு."

"தெரியும்டி."

"எங்க போறோம்?"

"எங்கயும் இல்ல."

அடுத்த திருப்பத்திலும் சித்தி நேராகவே போனாள். போக ஓர் இடமும் இல்லாத ஒருத்தி எதற்காக இப்படி வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறாள், அதுவும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தபடி, என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.