அடை முட்டை

எண்பதுகளில் மதுரையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். கல்யாணம் வேண்டாம் என்று வீட்டில் சண்டை போட்டுவிட்டு, விளாங்குடியில் தனி அறை எடுத்திருந்தேன்.

கோழிக் கருவில் அடுக்காக ஒட்டி நிற்கும் செல்களில் சில, ஒரு கட்டத்தில் பக்கத்துச் செல்லை விட்டுவிட்டு, உருவம் மாறி, தனியே நகர்ந்து போகும். மரபணுக்கள் அதேதான், ஒட்டவைப்பவை அடங்கி, நகரவைப்பவை விழித்துக்கொள்ளும். அவற்றை எழுப்புவது எது என்பதுதான் என் ஆராய்ச்சி. விட்டுப் போகும் அந்தச் செல்லைப் பார்த்தால் எனக்குக் கர்வமாகக்கூட இருக்கும்.

கோரிப்பாளையத்தில் கோழி வளர்க்கும் கதீஜா அக்காவிடம், அடையில் இருக்கும் முட்டைகளாக வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். எதற்கென்று சொல்லவில்லை. ஆய்வகத்தில் நாலைந்தை உடைத்துப் பார்த்தால் ஒன்றிலும் கரு வளரவில்லை. மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு, கோபத்தோடு கோரிப்பாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.

"நாந்தாம்மா மாத்திக் குடுத்தேன்," என்றார் அக்கா. "அடையில கெடந்ததத் திங்கலாமா? தனியா இருக்குற புள்ள, வயித்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பாப்பா? அதான் காலையில இட்டதாப் பாத்து வச்சேன்."

சோதனைக்கு என்று சொல்ல வந்தேன். அதை விட்டுவிட்டு, பையைக் கீழே வைத்தேன்.

"மிச்சம் இருக்கா?"

"இருக்குக்கா."

"போயி அவிச்சுத் தின்னு."

தனியே போன செல்லும் எங்காவது மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்று படித்திருந்தேன். அன்று அறையில் முட்டையை உரித்துத் தின்றபோது, 'சாப்பிட்டேன்' என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அதைச் சொல்வதற்காகவே மறுநாள் கோரிப்பாளையம் போனேன்.