தறிச் சத்தத்தில் பேசியவன்

நைனா என்று கூப்பிடுகிற அப்பாவுக்குச் சொல்லவேண்டிய பதிலை பாலசுப்பிரமணியன் ஒருநாளும் நைனாவிடம் சொன்னதில்லை. அவர் எதிரே "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவான். அப்புறம் குளியலறைச் சுவரிடமோ, பைக் கண்ணாடியிடமோ, பக்கத்துவீட்டு ஆட்டிடமோ முழுப் பதிலையும் நல்ல நல்ல வார்த்தையாகப் போட்டுச் சொல்லி முடிப்பான். பள்ளிக்கூட நாளிலிருந்தே அக்கா சிவசங்கரி இதைப் பார்த்து வருகிறாள். "ஆடே ஒத்துக்கிச்சுடா, நைனா ஒத்துக்க மாட்டாரா?" என்பாள்.

அதனால், இருபத்தேழு வயதில் அவன் போனில் ஒரு கவுன்சலரைப் பிடித்ததைப் பெரிய மாற்றம் என்று சொல்ல முடியாது. ஆடு இருந்த இடத்துக்கு மோனிகா மேடம் வந்தார். மேடம் கோயம்புத்தூரில் இருந்தபடி ஞாயிற்றுக்கிழமைகளில் திரையில் வருவார், இடையிடையே "புரியுது" என்பார். ஆடு அதைச் சொன்னதில்லை.

ஆந்திர எல்லையோர நகரியில் வீட்டை ஒட்டியே கொட்டகை போட்டு பவர்லூம் ஓட்டுகிற குடும்பம் அது. நைனா செங்கல்வராயன் அங்கேயே பிறந்து அங்கேயே தறி ஓட்டுகிறவர். பாலுவை மட்டும் ஒன்றாம் வகுப்பிலேயே சித்தூர் ஹாஸ்டலில் போட்டுவிட்டார். பிறகு திருப்பதியில் எம்.சி.ஏ. அந்த வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் பாலுதான். இப்போது சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறான். திருப்பதியில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டு தனியாக இருக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதை நைனாவிடம் எப்படிக் கேட்பது என்று கற்றுக்கொள்ளத்தான் மேடத்திடம் போனான்.

பேச இடம்தான் கிடைக்கவில்லை. அவன் ரூமின் தடுப்புச்சுவர் கூரைவரை எட்டாது. மொட்டைமாடியில் நாலு பக்கமும் காதுகள். யோசித்து யோசித்துத் தறிக்கொட்டகையைக் கண்டுபிடித்தான். தறிகள் ஓடும்போது தன் குரல் தனக்கே கேட்காது. புது இயர்போன் அந்தச் சத்தத்தை வடிகட்டி அவன் பேச்சை மட்டும் மேடத்துக்கு அனுப்பியது. முகம் தெளிவாகத் தெரியவேண்டும் என்று மேடம் சொன்னதால், டியூப்லைட்டுக்கு நேர்கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

தறி ஓட்டுகிறவர்கள் சத்தத்தை மீறிக் கத்துவதில்லை. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். கல்யாணப் பேச்சு, கடன் பேச்சு, சண்டை எல்லாமே கொட்டகைக்குள் அப்படித்தான் நடக்கும். நகரியில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். ஹாஸ்டலில் வளர்ந்த பாலுவுக்குத் தெரியாது. எதிர்த் தறியில் நைனா. பக்கத்தில், அதே தெருவில் வாழ்க்கைப்பட்டு வேலைக்கு மட்டும் வருகிற சிவசங்கரி. கொட்டகையிலேயே நல்ல வெளிச்சத்தில் இருந்த வாய் அவனுடையது.

"மீட்டிங் நடக்குது மேடம். நைனா கதவைத் தட்டாம வெறும் உடம்போட உள்ள வந்து, ஊட்ல தண்ணி வருதா பார்றான்னு சொல்றார். மொத்த டீமும் பாக்குது."

"புரியுது. அவர்கிட்ட சொல்லிப் பாருங்களேன்."

அவன் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரமே செங்கல்வராயன் சட்டை போட்டுக்கொண்டு வந்து, கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டார். பாலு ஆடிப்போனான். மேடத்துக்கோ ஆச்சரியமே இல்லை. "நீங்க மனசுக்குள்ள எல்லையைப் போட்டுட்டீங்க, பாலு. அது உங்க நடையிலயே தெரியும். அவர் அதைப் புரிஞ்சுக்கிட்டார்."

அடுத்து டீக்கடைப் புகார். "'எதோ தட்டிக்கினு கீறான்'னு எல்லார்கிட்டயும் சொல்றார் மேடம். நான் சாஃப்ட்வேர் டெவலப்பர். அதைச் சொன்னா என்ன?" சில நாள் கழித்து டீக்கடை பாலையா அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வா தம்பி. சாஃப்ட்வேர் டெவலப்பராமே நீ? உங்க நைனா நேத்து எங்களுக்கெல்லாம் க்ளாஸ் எடுத்தாரு."

பாலு அன்றைக்கே மேடத்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டான். வாய் திறக்காமலே அப்பாவைத் திருத்த முடிந்தது என்று கீழே எழுதினான்.

தைரியம் கூடிப்போனதும் அடியில் கிடந்ததையும் எடுத்தான். "திருப்பதி போகணும்னு எப்படி மேடம் கேக்கறது? உனக்காகத்தான் இந்தத் தறியைக் கட்டிக்கினு அழறேன்னு சொல்வார். அவர் இருக்கிற வரைக்கும் எனக்குன்னு ஒரு வாழ்க்கை கிடையாது."

எதிர்த் தறி நின்றது. இழை அறுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவன் மேலே பேசினான்.

மறுநாள் சாப்பிடும்போது செங்கல்வராயன் தட்டைப் பார்த்தபடி சொன்னார். "திருப்பதிலயே ரூம் எடுத்துக்கோ. அங்க லாட்ஜுல வேலை செய்ற நம்ம தரணிகிட்ட சொல்லி வச்சிட்டேன், அவன் லாட்ஜு பக்கத்திலேயே ஒரு ரூம் கீதாம். இந்தச் சத்தத்துல நீ எப்படி வேலை செய்வ?"

பாலு "சரி" என்றான்.

ரூம் நன்றாக இருந்தது. கதவு முழுசாக மூடியது. கேட்க வந்ததைக் கேட்காமலே பெற்றுவிட்ட மகிழ்ச்சியில் போனில் அக்காவிடம் மேடத்தைப் புகழ்ந்து தள்ளினான். சிவசங்கரி வெகுநேரம் சிரித்தாள்.

"ஏன்டா, மேடமா கதவைத் தட்டினாங்க? நாங்கதான் வாரா வாரம் உன் வாயைப் பாத்துக்கினு இருந்தோமே. அந்த மேடத்துக்குப் பாதிதான் கேட்டிருக்கும், எங்களுக்கு முழுசா தெரிஞ்சிது."

"நைனாவுக்குமா?"

"அவரு பாக்காதது இன்னா இருக்குது? உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னாரு. 'எங்கிட்ட பேச மாட்டான், அங்கயாவது பேசட்டும்'னாரு." சிரிப்பு நின்றுவிட்டது. "கடைசியா ஒண்ணு சொன்ன பாரு, அன்னிக்கு அவரு துன்னவே இல்லடா."

அந்த ஞாயிறு மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னான். மேடம் இந்த முறை "புரியுது" சொல்ல மறந்துவிட்டார். பிறகு, "நேர்ல போய்ப் பேசுங்க" என்றார்.

"என்னன்னு மேடம்?"

"நீங்க சொன்னது நிஜமா, கோபமா? அதை."

அதுதான் அவனுக்குத் தெரியவில்லை. கோபம் என்று சொன்னால் பாதிப் பொய். நிஜம் என்றால் பாதிப் பாவம். படித்ததெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தையைத் தரவில்லை. வீட்டுக்குப் போகிற ஞாயிறுகளைத் தள்ளிக்கொண்டே போனான்.

செங்கல்வராயனே வந்தார். திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டு இறங்கி, ரூமைச் சுற்றிப் பார்த்து, ஃபேனைப் போட்டு அணைத்து, நல்லா கீது என்றார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இருவரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். நகரி பஸ் புறப்படத் தயாராக நின்றது.

"சிவசங்கரி உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாளாமே. அந்த மேடம்கிட்ட என்னைப் பத்தி இன்னும் எதனா பாக்கி கீதா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"அய்யோ, ஒண்ணும் இல்ல நைனா."

"நான் இருக்கிற வரைக்கும்னு சொன்னியே. அது கோவத்துல வந்ததா, நெஜமாவே அப்படித்தானா? எதுவா இருந்தாலும் சொல்லு. நான் துன்றது துன்னுக்கினுதான் இருப்பேன்."

கண்டக்டர் "புத்தூரு, நகரி" என்று கூவினான். பாலு அவர் பையை வாங்கி உள்ளே வைத்தான். "பஸ் எடுக்கறான், ஏறு நைனா. ஜன்னலோரம் இடம் இருக்குது."

ஏறிக்கொண்டார். இப்போதும் தினமும் சாயந்திரம் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்கிறார். பஸ் ஸ்டாண்டில் கேட்டதை மறுபடி கேட்பதில்லை. பாலு, சாப்பிட்டேன் என்கிறான். பஸ் ஸ்டாண்டுக் கேள்விக்கான பதிலை அவருக்கு இன்னும் தரவில்லை.