ஒடிந்த ஊசிக்கு ஒரு சொல்

"தமிழ் மீடியத்துல படிச்சிட்டு ஜப்பான் பாஷைய வெச்சிக்கினு நீ இன்னா பண்ணப் போற?" என்று எங்கள் ஷூ கம்பெனி மேனேஜர் ஒருமுறை கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மதியத்துக்கு என்ன குழம்பு என்று விசாரிக்கிற தொனிதான். அதனாலேயே இன்னும் காதில் இருக்கிறது.

போன மாதம் ஆம்பூர் பஜாரில் சுடிதார் ஒன்றைப் பிடித்துத் தரச்சொல்லி ஒரு டெய்லர் கடையில் நின்றிருந்தேன். தைக்கும்போது ஊசி ஒடிந்தது. அவர் துண்டைச் சுண்டிவிட்டு வேறு ஊசி மாட்டினார். நானோ என்னையறியாமல் குனிந்து தரையில் முனையைத் தேடிக்கொண்டிருந்தேன். "இன்னாமா, கம்மல் உழுந்துடுச்சா?" என்றார். பழக்கதோஷம் என்றேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஷூ கம்பெனியில் ஊசி ஒடிந்தால் அந்த மெஷின் நின்றுவிடும். துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து வைத்து முழு ஊசி ஆகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் அவற்றைச் செல்லோடேப் போட்டு ஊசி நோட்டில் ஒட்ட வேண்டும். ஒரு துளி குறைந்தாலும் புது ஊசி கிடையாது. எங்கோ ஒரு குழந்தையின் காலில் அது ஏறிவிடக் கூடாது இல்லையா. அந்த நோட்டு ஷாஹீனாவின் பொறுப்பில் இருந்தது.

ஷாஹீனாவும் நானும் ஒரே வேனில் வேலைக்குப் போனவர்கள். விடிந்தும் விடியாத நேரத்தில் வேன் ஊர் ஊராக நின்று பெண்களை அள்ளிக்கொண்டு வரும். உள்ளே ரப்பர் சொல்யூஷன் வாடையும் மல்லிகைப்பூ வாசமும் கலந்து அடிக்கும். இன்றைக்கும் எங்காவது பஞ்சர் கடையைக் கடந்தால் எனக்குப் பூ வாசனை சேர்ந்தே வருகிறது. பகலில் தையல், சாயங்காலம் ஜப்பானிய வகுப்பு என்று மூன்று வருடம் ஓட்டினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான். ஆபீசில் மொழிபெயர்ப்பு வேலையும் மேசையும் கிடைத்ததும் வேனில் முன்சீட்டுக்கு மாறினேன். ஷாஹீனாவோடு டிபன் பாக்ஸ் பிரிப்பதும் நின்றுபோனது.

முதல் வேலை, ஆங்கிலத்தில் இருந்த தரக்கட்டுப்பாட்டுக் கையேட்டை ஜப்பானியத்தில் எழுதுவது. பக்கத்துக்குப் பக்கம் ஊசிக்கும் 'பிரேக்', நூலுக்கும் 'பிரேக்', டீக்கும் 'பிரேக்' என்று வந்தது. பள்ளியில் அருஞ்சொற்பொருள் மனப்பாடம் செய்த பிள்ளை நான். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், அடுத்த சொல்லுக்குப் போ. 'கொவரெரு' என்று எல்லா இடத்திலும் அழகாக எழுதி அனுப்பினேன்.

எங்கள் ஷூவை வாங்கும் ஜப்பான் கம்பெனியின் ஒகாவா சானிடமிருந்து ('சான்' நம் 'அவர்கள்' போல ஒரு மரியாதை) மிகவும் பணிவாகப் பதில் வந்தது. உங்கள் நூலும் தோலும் எவ்வாறு இயங்காமல் போகின்றன? பத்தரை மணிக்குத் தேநீர் தினமும் பழுதாகிறதா? மிகவும் கவலையாக இருக்கிறது.

மேனேஜர் அதை என் மேசையில் வைத்தார். "திங்கக்கெழமைக்குள்ள சரியா வரலன்னா மெட்ராஸ் ஏஜென்சிக்குக் குடுத்துட்றேன். நீ திரும்ப தையல் லைனுக்கே போய்டு."

அகராதியைத் திறந்தேன். அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு பக்கம். ஜப்பானியத்தில் அது பத்துத் திசையில் பிரிந்து போனது. எது எதற்கென்று பிடிபடவில்லை. நான் எழுதிய தேர்வுகளில் யாரும் ஊசியை ஒடிக்கவில்லை. வேறு வழியில்லாமல் கையேட்டோடு தையல் லைனுக்கு இறங்கினேன்.

"மேடம் வந்துகீறாங்கோ, ஸ்டூல் போடுங்கடி," என்றாள் ஷாஹீனா, நோட்டிலிருந்து தலை தூக்காமல்.

"கிண்டல் பண்ணாதடி. பேஜாரா இருக்கு."

"ஓ, பேஜாரு வந்தாதான் எங்க ஞாபகம் வருமா?"

வாங்கிக் கட்டிக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னேன். ஒவ்வொரு வரியாகப் படிக்கப் படிக்க அவள் நோட்டில் டேப் ஒட்டிக்கொண்டே சொன்னாள்: "ஊசி ஒடியும். நூலு அறும். தோலு வெடிக்கும். மெஷினு படுத்துக்கும். டீக்கு உடுவாங்கோ. எல்லாத்தையும் ஒண்ணுன்னு எந்தப் பள்ளிக்கூடத்துல சொன்னாங்கோ?"

பின்வரிசையில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவள் சொன்ன வரிசையிலேயே ஜப்பானியச் சொற்கள் என் தலைக்குள் வந்து உட்கார்ந்தன. குச்சிபோல் இருப்பது ஒடிந்தால் 'ஒரெரு'. இழைபோல் இருப்பது அறுந்தால் 'கிரெரு'. வெடித்தால் 'வரெரு'. மெஷின் படுத்துக்கொண்டால்தான் நான் எழுதிய அந்தக் 'கொவரெரு'. டீக்கு விடுவதற்கோ தனியாக ஒரு சொல். என் வீட்டில் கைநாட்டு வைப்பவர்கள்கூடப் பிரித்துப் பேசுவதைத்தான் ஜப்பானியரும் பிரித்துப் பேசுகிறார்கள். நடுவில் ஆங்கிலத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நான்தான் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறேன்.

அன்று ஷாஹீனா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தே முழுக் கையேட்டையும் முதலில் லைன் தமிழில் எழுதினேன். பிறகு ஜப்பானியம் தானாக வந்தது. திங்கட்கிழமைக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. ஒகாவா சான், இதை எழுதியவர் தையல் தெரிந்தவர் என்று பதில் எழுதினார். மேனேஜர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மத்தியானம் ஷாஹீனாவின் டிபன் பாக்ஸில் பாதி குஸ்கா என்னுடையதாயிற்று.

அந்த லைன் இப்போது இல்லை. கம்பெனி கைமாறியதும் தையல் பிரிவை மூடிவிட்டார்கள். வேனும் நின்றது. அறுபது மெஷின்கள் ஒன்றாகக் கிளம்பும் சத்தம் இருந்த இடத்தில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் ராணிப்பேட்டையில் வேறு கம்பெனியில் இருக்கிறேன். இங்கே செல்போனைக் காகிதத்தின் மேல் காட்டினால் ஜப்பானியம் வந்துவிடுகிறது. வரட்டும். ஆனால் ஒடியும், அறும், படுத்துக்கும் என்று பேசியவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு எழுதிவைத்தவர்கள் யாரும் இல்லை.

ஷாஹீனாவை வாலாஜாபேட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளாக அவள் வீட்டுக்குப் போய் வருகிறேன். இடப்பக்கம் லைன் பேச்சு, வலப்பக்கம் ஜப்பானியம் என்று ஒரு சொற்பட்டியல் சேர்ந்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு அதில் கட்டம் போடவில்லை. தலைப்பில் இரண்டு பெயர்கள், அவளுடையது முதலில்.

இன்று காலை போன் செய்தாள். "எம் பேரு எதுக்குடி? எட்டாவதுகூட முடிக்கல நானு. மொதல்ல அழிச்சுடு."

அதற்குள் அவள் பெயரோடேயே பட்டியலை ஒகாவா சானுக்கு அனுப்பிவிட்டிருந்தேன்.