புண்ணில் பூசிய சுண்ணாம்பு

சுனாமியில் கடல் அடித்து இரண்டு கிழமைக்குப் பிறகு என் கன்னத்தின் உட்பக்கம் ஒரு புண் வந்தது. கடற்பக்கத்து எழுவான்கரையை விட்டு வாவி கடந்து, மண்டூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அப்போது தங்கியிருந்தோம். என் தம்பியை அலை கொண்டுபோயிருந்தது. "அவனுக்குப் பதிலா நான் போயிருக்கலாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி கேட்டுக்கொண்டிருப்பாள். நான் வாவிக்குக் குளிக்கப் போனால் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லிப் பின்னால் வருவாள்.

துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கு வெற்றிலை வட்டா நீட்டவேண்டும். நீட்டுகிறவனும் கூடவே போடாவிட்டால் மரியாதையில்லை. ஒரு நாளைக்குப் பத்து வாய் வெற்றிலை, சோறும் பருப்பும், நித்திரை கிடையாது. புண் வந்ததில் அதிசயமில்லை. ஆனால் என் அப்பா வாய்ப்புற்றில் போனவர்.

குளவி குத்தினால் சுண்ணாம்பு வைக்கிற ஆட்கள் நாங்கள். புண்ணுக்கும் அதுதான் வைத்தியம் என்று எண்ணி, விரலில் வழித்து அப்பினேன். அடுத்த கணம் கிணற்றடியில் நின்றேன். அலைக்குக்கூட அப்படி ஓடவில்லை. மறுநாள் புண் இரண்டு மடங்காகி வெளுத்திருந்தது. உடைந்த கண்ணாடித் துண்டொன்றை இரவல் வாங்கி, நேரத்துக்கு நேரம் வாயைப் பிளந்து பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட என் முகத்தை அவ்வளவு பார்க்கவில்லை. கடைசியில் மனைவியிடம் சொன்னேன்.

"எத்தின நாளா இருக்கு?"

"ஆறு நாள். அப்பாவுக்கும் இப்பிடித்தான் துவங்கின."

"அப்ப டொக்டரிட்டப் போவம்."

"போனா சொல்லிருவாங்க புள்ள."

"என்னத்த?"

"சாகப்போறன் எண்டு."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வகுப்பறையொன்றில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த டொக்டரம்மா டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"நோகுதா ஐயா?"

"உயிர் போகுது."

"சின்ன வட்டம், நடுவில மஞ்சள், சுத்திவரச் சிவப்பு. இது சாதாரண வாய்ப்புண். கவலையில, நித்திரை இல்லாம வாறது. பக்கத்தில வெந்திருக்கே, என்ன போட்டீங்க?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"சுண்ணாம்பு" என்றாள் மனைவி.

டொக்டரம்மா சிரிக்கவில்லை. "உப்புத் தண்ணியால கொப்புளியுங்க. வெத்தில, உறைப்பு, புளி எல்லாத்தையும் விடுங்க. கீரை, முட்டை கிடைச்சாச் சாப்பிடுங்க. ரெண்டு கிழமையில ஆறிரும். மூணு கிழமையாகியும் ஆறாட்டி, நோகாட்டியும் கட்டாயம் வாங்க."

வெளியே வந்ததும் மனைவி விறாந்தைப் படியில் உட்கார்ந்து அழுதாள். அலைக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"புற்றில்ல எண்டுதானே சொன்னாங்க. மறுகா ஏன் அழுற?"

"சாகப் பயந்துதானே கண்ணாடியும் கையுமாத் திரிஞ்சீங்க" என்றாள். "அது போதும் எனக்கு."

அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க இருவருக்கும் கனநேரம் எடுத்தது.